கிரேயான் பிடிக்கவா கவுன்சிலிங்? அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

"இவ்வளவு பணம் வாங்கிட்டு, பிளஸ் டூ படிக்கிற பிள்ளையைப் படம் வரையச் சொல்றாங்களே, நீயும் இதைத்தான் செய்யறியா?" என்று போனில் கேட்டாய். ஆமாம், கவுன்சிலிங் தருகிற நானும் இதைச் செய்கிறேன். நிறையப் பெற்றோர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உன்னிடமும் உன் பெரிய மகளிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் என்ன வரைந்தாள் என்பது இதில் வராது. எனக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது.

இந்த மாதிரி கவுன்சிலிங்கில் பொதுவாக என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏ4 தாளில் தலை மாதிரி ஒரு கோடு போடச் சொல்வோம். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. "இப்போ உள்ளே என்னென்ன ஓடுதோ, எல்லாத்தையும் இதுக்குள்ள போடு. பெருசா தொந்தரவு பண்றதைப் பெருசா போடு" என்போம். சிலர் எழுதுவார்கள், சிலர் கிறுக்குவார்கள், சிலர் வெறும் நிறத்தை அப்புவார்கள். முதலில் கேலியாகத்தான் பார்ப்பார்கள். அப்புறம் கை வேகம் பிடிக்கும். ஏதோ ஒரு இடத்தில் மட்டும் கிரேயானை அழுத்தி அழுத்தி ஓட்டுவார்கள், நுனி உடையும். அந்தத் தாளைத் திருப்பி விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். "இந்த இடம் ரொம்ப அழுத்தமா இருக்கே" என்று மட்டும் சொல்வேன். பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். ரிவிஷன் டெஸ்ட், மார்க், தோழியோடு சண்டை எல்லாம் நடுவில் பெரிது பெரிதாக நிற்கும். தாளின் ஓரத்தில், குனிந்து பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில், "அப்பா கடன்" என்றோ "அம்மா அழறது" என்றோ ஒன்று இருக்கும். எல்லாம் முடிந்து கடைசியாகப் போட்டது அதுதான். "உனக்கு என்ன கவலை?" என்று நேராகக் கேட்டிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

இதற்கு ஏன் தாள், பேசினால் போதாதா என்பாய். தலைக்குள் ஒரே நேரத்தில் நாம் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை மிகக் கொஞ்சம். நாலைந்துக்கு மேல் போனால் ஒன்று வர இன்னொன்று நழுவும். நழுவியது சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கும். ஆறு கவலை அறுபதாகத் தெரிவது இப்படித்தான். தாளில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். எண்ணிப் பார்க்கலாம். எது பெரிது என்று ஒப்பிடலாம். கத்தரிக்கோலால் வெட்டி, இந்த வாரம் நான் ஏதாவது செய்ய முடிவது ஒரு பக்கம், என் கையில் இல்லாதது இன்னொரு பக்கம் என்று பிரிக்கலாம். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போடுவது என்று யோசிப்பார்கள் பார், அந்த யோசனைக்காகத்தான் இவ்வளவும்.

நீ அவளிடம் "அதையே நினைக்காதடி, புத்தகத்தைப் பாரு" என்கிறாய். அக்கறையில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் அது பலிக்காது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கரடி வந்துவிட்டது. அதன் பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், ஆரம்பத்திலிருந்தே நினைக்க விட்டவர்களைக் காட்டிலும் இவர்களுக்குக் கரடி கூடுதலாக வந்தது.

கவலைக்கு ஒரு உருவமும் பெயரும் கொடுக்கச் சொல்வதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த முறையில் இருந்து வந்த வழக்கம் இது: பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து எதிரே உட்கார வைப்பது. "நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, "இந்த முள்ளுமூஞ்சி ராத்திரி பதினோரு மணிக்கு வருது" என்று பேச ஆரம்பிக்கும். சரி, எந்த நாளில் வராது, யார் பக்கத்தில் இருந்தால் வராது என்று நாம் கேட்க வழி பிறக்கும்.

இது நேற்று முளைத்த சமாச்சாரமும் இல்லை. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-ல் காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்தே மீண்டு, பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். கலை சிகிச்சை என்ற பெயரை 1942-ல் அவர்தான் வைத்தார். "அவளுக்கு வரையவே வராதே" என்றாயே, அதற்கும் பதில் உண்டு. 2016-ல் கிரிஜா கைமல் குழுவினர் அமெரிக்காவில் 39 பெரியவர்களை 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படம் என்று இஷ்டம்போல் எதையாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது. முன்பே வரைந்து பழகியவரா இல்லையா என்பதால் வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அதனால் இதை மருந்தாக நான் சொல்லமாட்டேன், திறமை தேவையில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

மார்கழியில் நீ சிக்குக் கோலம் போட்டு எழுந்திருக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பரபரப்பு அடங்கும், உண்மைதான். 2005-ல் வந்த ஓர் ஆய்விலும், வெற்றுத்தாளில் இஷ்டத்துக்கு வண்ணம் தீட்டியவர்களை விட ஒழுங்கான வடிவத்துக்குள் தீட்டியவர்களுக்குத்தான் பதற்றம் நன்றாகக் குறைந்தது. ஆகவே ரொம்பப் படபடப்பாக வருகிற பிள்ளைக்கு நாங்களும் முதலில் வடிவங்களைத்தான் கொடுப்போம். ஆனால் அது அடக்குவதற்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. அதற்குத் தலைக்கோடும் கிறுக்கலும் வேண்டும். கடையில் விற்கிற கலரிங் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் தெரபி ஆகிவிட்டது என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வீட்டில் நீ ஒன்று செய்ய வேண்டும். அவள் தாளைக் காட்டினால் "அழகா இருக்கு" என்று சொல்லாதே. அடுத்த முறை உனக்காக அழகாக வரைய ஆரம்பிப்பாள், விஷயம் போச்சு. "ஏன் எல்லாம் கறுப்பு?" என்றும் கேட்காதே. கறுப்புக்கு ஒரு அர்த்தம், சிவப்புக்கு ஒரு அர்த்தம் என்ற அகராதியெல்லாம் கிடையாது. அவள் கையில் முதலில் அகப்பட்டது கறுப்பாக இருக்கலாம். "இதைப் பத்திச் சொல்றியா?" என்று கேள். மாட்டேன் என்றால் விட்டுவிடு. முக்கியமாக, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதே. அது அவள் டைரி.

தூக்கமும் சாப்பாடும் ஒரேயடியாகக் குறைந்தாலோ, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசினாலோ, வரைவதை நம்பிக் காத்திருக்காதே. உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

எத்தனை வாரம் போகணும் என்றும் கேட்டாய். அதைச் சொல்ல வேண்டியவர் அவளைப் பார்க்கிற தெரபிஸ்ட்தான். உனக்கென்று தனியாக அரை மணி நேரம் கேள், பெரும்பாலும் தருவார்கள். போகும்போது அத்தானையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் தங்கை