சனிக்கிழமை பேட்ச் வாசிப்பு: வரும் முன் ஒரு வேலை

நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவக மேலாண்மைப் பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, சேர்ந்து வாசிக்கிறோம். எடுத்துக்கொள்வது, 2023 ஜூனில் 6.4 பதிப்போடு வந்த பெர்-விஎம்ஏ லாக் (விஎம்ஏ என்பது புரோசஸின் ஒரு நினைவகப் பகுதி; லாக் என்றால் பூட்டு).

முன்பெல்லாம் பேஜ் ஃபால்ட் வந்தால் (தொட்ட நினைவகப் பக்கம் இன்னும் தயாராக இல்லாதபோது) மொத்த புரோசஸுக்கும், அதாவது ஓடும் நிரலுக்கும், பொதுவான எம்மேப் லாக்கைப் பிடிக்க வேண்டும். புரோசஸுக்குள் இணையாக ஓடும் திரெட்களில் ஒன்று எம்மேப் செய்தால், அதாவது புது நினைவகப் பகுதி கேட்டால், மற்றவை காத்துக் கிடக்கும். புதிய மாற்றம் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனிப் பூட்டு கொடுத்தது. அருமையான யோசனை. ஆனால் புரோசஸை நகலெடுத்துப் புதிதொன்றை உருவாக்கும் ஃபோர்க், பழையபடி பெரிய பூட்டை (எம்மேப் லாக்) மட்டும் பிடித்துக்கொண்டு பேஜ் டேபிளை (நினைவக முகவரி அட்டவணை) நகலெடுத்தது. அதே நேரத்தில் இன்னொரு திரெட் சின்னப் பூட்டோடு உள்ளே வந்துவிட்டது. நினைவகம் சிதைந்தது, ஜூலையில் திருத்தினார்கள்.

பிழை ஒரு தப்பான வரியில் இல்லை, இல்லாமல் போன வரியில் இருந்தது. அதனால் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியல்) மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். திருத்தம் வந்த 6.4 வரிசையின் ஃபோர்க்.சி கோப்பில், நினைவகத்தை நகலெடுக்கும் டப்_எம்மேப் (dup_mmap) ஃபங்ஷனை முழுதாகத் திறந்து, சின்னப் பூட்டைப் போடும் விஎம்ஏ_ஸ்டார்ட்_ரைட் (vma_start_write) எங்கே அழைக்கப்படுகிறது, ஏன் அங்கே என்று இரண்டு வரி எழுதி வாருங்கள். அப்புறம், எரர் வந்தால் பூட்டுகள் எந்த வழியில் விடுபடுகின்றன என்பதையும் பாருங்கள்; அங்கே எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது.

வர முடியாதவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.