வாவிக்கு மேலே ஒரு காடு நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டி நகரில் வயதானவர்கள் நிம்மதியாக நடக்க ஓர் இடமில்லை, வாவிக்கரையில் வாகனப் புகைதான் மிஞ்சுகிறது என்று அண்மையில் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். புகையைப் பற்றி அவர் எழுதியது முற்றிலும் உண்மை. இடமில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தலதா மாளிகைக்குப் பின்னால், வாவிக்கரையில் நின்று நிமிர்ந்தாலே கண்ணில் படும் மேட்டில், 104 ஹெக்டேயர் பரப்பில் உடவத்தகெலே காடு நிற்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் கையில் வரைபடத்துடன் தேடி வந்து அதில் நடக்கிறார்கள். கண்டியிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. என் சொந்தத்திலேயே அப்படிப் பலர் இருக்கிறார்கள்.

காடு என்றதும் முழங்கால் தாங்குமா என்ற பயம் வருவது இயல்பு. உண்மையில் கடினமான பகுதி நகரிலிருந்து நுழைவாயில் வரையுள்ள ஏற்றம்தான். அதை முச்சக்கர வண்டியில் கடந்துவிட்டால் போதும். உள்ளே இருக்கும் லேடி ஹோர்டன் பாதை அகலமானது, சரிவு மிதமானது. 1834இல் ஆளுநர் வில்மட் ஹோர்டன் தம் மனைவியின் பெயரில் போட்ட பாதை அது. லேடி கோர்டன், லேடி மெக்கலம் என்று பிற்கால ஆளுநர்களின் மனைவியர் பெயரிலும் கிளைப்பாதைகள் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, குளத்தைத் தொட்டுப் பெரிய பாதையிலேயே சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். பேசிக்கொண்டும் நின்று பார்த்துக்கொண்டும் நடந்தால் ஒரு காலைப் பொழுது இனிதாகக் கழியும். கிழக்குப் பக்கம் மரங்கள் விலகும் இடத்தில் மகாவலி கங்கை கீழே தெரியும்.

அந்தக் குளம் கண்டி அரச குடும்பம் நீராடிய குளம். மன்னர் காலத்தில் பொதுமக்கள் இந்தக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. குளத்தடியில் பொற்காசுகள் கிடப்பதாகவும் சிவந்த கண்களுடைய பாம்பொன்று அவற்றைக் காப்பதாகவும் ஊரில் கதை சொல்வார்கள். சிறுவர்களை அழைத்துப் போனால் அங்கிருந்து நகர்த்துவதே பெரும்பாடு. பாதையோரம் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும் பெருங்கொடிகளும் அவர்களுக்குப் பிடிக்கும். சிங்கள அயலவர்கள் புஸ்வெல் என்று சொல்லும் அந்தக் கொடியின் காய் என் கையைவிட நீளம். உள்ளே கபில நிறத்தில், உள்ளங்கையில் வைத்து மூடக்கூடிய தட்டையான விதைகள் இருக்கும். மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் போன்ற, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகளின் குரலை நகரின் நடுவில் நின்றே கேட்கலாம்.

இவ்வளவையும் நான் எழுதுவது இடத்தைப் புகழ்வதற்காக மட்டுமல்ல. நம்மவர்கள் நடக்காத காட்டுக்குக் காவலும் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். 1856இல் ஒதுக்கப்பட்ட வனம், 1938 முதல் சரணாலயம். சட்டப்படி குறையொன்றும் இல்லை. ஆனால் காட்டின் நடுவே சட்டத்துக்கு அடங்காத இரண்டு செடிகள் பரவிக்கொண்டிருக்கின்றன.

ஒன்று, நாம் வீட்டில் போத்தல் தண்ணீரில் வளர்க்கும் மணி பிளான்ட். வீட்டில் உள்ளங்கை அளவுக்குமேல் இலை விடாத அந்தக் கொடி, இங்கே பெரிய மரங்களைப் பற்றி ஏறி, சுளகு அகலத்துக்குக் கிழிந்த இலைகளை விரித்து நிற்கிறது. கீழே மண் தெரியாதபடி அதே கொடி. வேண்டாமென்று நாம் எறியும் ஒரு துண்டுத் தண்டு போதும், கணுவில் வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும். காட்டை அண்டிய வீடுகளில் இருப்போர் தயவுசெய்து தோட்டக் கழிவை வேலிக்கு அப்பால் கொட்ட வேண்டாம்.

மற்றது, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த பெரு பால்சம் மரம். இதன் காய்க்குச் சிறகு உண்டு. காற்றில் மிதந்து போய் விழுந்த இடமெல்லாம் முளைக்கிறது. பாதையை விட்டுக் கண்ணைத் திருப்பினால், கணுக்கால் உயரத்தில் அதன் நாற்றுகளே நெருக்கமாக நிற்கும் இடங்கள் இருக்கின்றன. நம் நாட்டு மரத்தின் விதை அந்த நெரிசலில் விழுந்தால் வெளிச்சம் காணாமலே மடியும். அடையாளம் காண்பது சுலபம். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் ஒளிரும். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டினால் பிறகு மறக்காது. வளர்ந்த மரத்தை அகற்றுவது அதிகாரிகளின் வேலை. நாற்றைப் பிடுங்க இரண்டு விரல் போதும்.

இதனால்தான் கண்டி நகரப் பாடசாலைகளின் அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பேராதனைப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பஸ் பிடித்துப் போகிறோம், மகிழ்ச்சி. அதோடு ஒரு தவணைக்கு ஒரு தடவை இந்தக் காட்டுப் பாதையிலும் மாணவர்களை நடத்திச் செல்லுங்கள். காட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகளிடம் முறையாக எழுத்தில் அனுமதி பெற்று, அலுவலர் ஒருவர் உடன்வர, பால்சம் நாற்றுகளைப் பிடுங்கும் வேலையில் சுற்றாடல் கழக மாணவர்களை ஈடுபடுத்துங்கள். சரணாலயம் என்பதால் அனுமதியின்றி எந்தச் செடியிலும் கை வைக்கக்கூடாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நகரின் குடிநீருக்கு நீர்பிடிப்பாக இருக்கும் காடு அது. அதன் பலனை அனுபவிப்பவர்கள் நாம்தான்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மழைக்குப் பின் அட்டை உண்டு. மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல, சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொண்டால் போதும். செங்குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கையில் பொலித்தீன் பை கண்டால் பறிக்கும், பையையும் சேர்த்துக் கடிக்கும். காட்டுக்குள் பிக்குகள் தியானம் செய்யும் ஆரண்யங்கள் இருக்கின்றன, அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்துவது மரியாதை. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

முதலில் எழுதிய அந்த வாசகர் விரும்பினால், வரும் சனிக்கிழமை காலை நாங்கள் அயலவர்கள் சிலர் நடக்கப் போகும்போது அவரும் சேர்ந்துகொள்ளலாம். நுழைவாயிலில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தருகே காத்திருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கட்டுகஸ்தோட்டை.