கருப்பு வெள்ளைக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் காட்டுயிர்ப் படங்களுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் எட்டும் வண்ணப் பக்கங்கள். ஒன்றையாவது கருப்பு வெள்ளையில் போட்டிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குமுளியில் 1986 முதல் இருபத்தெட்டு வருடம் ஸ்டுடியோ நடத்தியவன் நான். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டு வேலைக்கு வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பாஸ்புக்குக்கு, பென்ஷன் மனுவுக்கு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க என்று அவர்கள் முகங்களை எடுத்தே என் காலம் போனது. லீவு நாளில் தேக்கடிப் படகில் ஏறி யானை எடுக்கப் போவேன். கேமராவில் ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) என்ற பிராண்ட் பிலிம், கருப்பு வெள்ளை. கலர் பிலிமை வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும், இதை என் இருட்டறையிலேயே கழுவிவிடலாம். முதலில் காரணம் அவ்வளவுதான். அருமை அப்புறம்தான் தெரிந்தது.

சிவப்பு விளக்கின் கீழ் தாளை டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பேன். எது அதிகக் கருப்போ அதுதான் முதலில் எழும். ஏரிக்குள் நிற்கும் மொட்டை மரங்கள் வரும். 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிச் செத்த மரங்கள் அவை. இன்றும் நிற்கின்றன, நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் மேல் உட்கார்ந்து சிறகு காயவைக்கின்றன. அடுத்து யானையின் வயிற்றடி நிழல், காதுக்குப் பின்புறம், பிறகு மெல்ல மெல்லத் தோலின் சுருக்கம். கொம்பு மட்டும் வரவே வராது. தாளின் வெள்ளைதான் கொம்பு. அந்த இடத்தில் கறை படாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு.

அந்த வெள்ளைக்காகத்தான் அப்போது யானைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நூறு பெண் யானைக்கு வளர்ந்த ஆண் ஒன்று என்கிற அளவுக்குப் பெரியாற்றுக் காட்டில் கொம்பன்கள் குறைந்துபோயிருந்தன. ஒரு முழுக் கொம்பன் கரையில் வந்து தண்ணீர் குடிப்பதை நான் எடுத்தது ஒரே ஒரு தடவை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் என் பழைய படங்கள் பன்னிரண்டைப் பெரிதாகப் போட்டு மாட்டினோம். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா, ஏலக்காட்டில் யானைக்குப் பயந்து ஓடி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர், அந்தக் கொம்பன் முன்னால் நின்றுவிட்டார். "இது கிழட்டு ஆனைய்யா. காது மேல எப்படி மடிஞ்சு தொங்குது பாருங்க. நெத்திப்பொட்டு குழி விழுந்துருச்சு. எங்க அப்பாருக்கும் கடைசில இப்படித்தான் ஆயிருச்சு" என்றார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்த கருங்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். செல்போனில் யானை வீடியோ காட்டினால் "எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டுவிட்டு நகர்கிறவர்கள்தான் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் படும் பாடு அப்படி. அந்த அம்மா கால் மணி நேரம் நின்றார்.

வண்ணம் இருந்தால் கண் முதலில் பச்சையையும் செம்மண்ணையும் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் உடம்பைப் பார்க்கிறோம்: வயசு, காயம், இளைப்பு. யானையும் ஓர் ஆள் என்று தெரிவது அப்போதுதான். ஓர் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றுவது போல ஒரு காட்சியைக் காப்பாற்றத் தோன்றாது.

தமிழில் இதற்கு முன்னோடி இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கடைசிவரை கருப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்களை எடுத்தார். எடுத்த விலங்கைப் பற்றி உட்கார்ந்து எழுதவும் செய்தார். அவர் படம் அலங்காரமாக இருக்காது, சாட்சியாக இருக்கும். சைலண்ட் வேலியில் அணை கூடாது என்று கேரளமே பேசிய நாளில் அங்கே வாழும் சோலைமந்தியின், அதாவது சிங்கவால் குரங்கின், முகத்தைப் பெரும்பாலோர் பார்த்ததும் செய்தித்தாளின் கருப்பு மையில்தான். கருத்த முகம், சுற்றிலும் வெள்ளிப் பிடரி. அதற்கு வேறு நிறம் எதற்கு? 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆப்பிரிக்காவிலும் ஒருவர் இருக்கிறார், நிக் பிராண்ட். 2007ல் கென்யாவின் அம்போசெலியில் ஒரு பெரிய கொம்பன் தண்ணீர் குடிப்பதைக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். 2009ல் தந்தத்துக்காக அதைக் கொன்றுவிட்டார்கள். அடுத்த வருடமே அவர் இன்னொருவருடன் சேர்ந்து பிக் லைஃப் என்ற அமைப்பைத் தொடங்கி, உள்ளூர் ஆட்களையே காவலுக்கு வைத்தார். எங்கள் குமுளிக்கு இது புதிதல்ல. திருட்டுத்தனமாகக் காட்டில் வயணப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் இன்று பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலாகவும் நடக்கிறார்கள். வசந்த சேனைப் பெண்கள் சம்பளம் வாங்காமல் ரோந்து போகிறார்கள். அவர்களை ஒருவராவது நல்ல கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் போடுங்களேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் பின்னணி முழுவதையும் கரி போல ஆக்கிவிட்டு, விலங்கின் முகத்தை மட்டும் விடுகிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறது, பரிசும் கிடைக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. பின்னால் சீலை தொங்கவிட்டு ஆளை மட்டும் எடுப்பது ஸ்டுடியோ வேலை. காட்டை அழித்துவிட்டு யானையைக் காட்டினால், அது எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, எதை இழக்கப்போகிறது என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? புல்லும் மொட்டை மரமும் படத்தில் இருக்கட்டும். மானுக்கு ஆரஞ்சு நிறம் பிரித்துத் தெரியாது, அதனால்தான் அவ்வளவு பளிச்சென்ற புலி கோரைக்குள் மறைந்துவிடுகிறது. கருப்பு வெள்ளையில், புல்லோடு சேர்த்துப் புலியைப் பார்த்தால் அந்த வரிகள் எதற்கு என்று குழந்தைக்குக்கூடப் புரியும்.

எல்லாவற்றையும் இப்படிப் போடச் சொல்லவில்லை. குறிஞ்சி பூத்த மலையும் இருவாச்சியின் மஞ்சள் அலகும் கலரில்தான் வர வேண்டும். இதழுக்கு ஒரு பக்கம் போதும், வழவழப்பில்லாத தாளில். படத்துக்குக் கீழே பெரியாறு, சின்னார் என்று காட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கரை, எந்த வளைவு என்று போட்டால் மறுநாளே கார்கள் வரிசை கட்டி நிற்கும், ஃபிளாஷ் அடிப்பார்கள்.

என்னிடம் ஏறக்குறைய நானூறு நெகட்டிவ் இருக்கிறது. பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் பார்சலில் அனுப்புகிறேன், ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பினால் போதும், பணம் எதுவும் வேண்டாம். அந்தக் கொம்பன் படத்தை மட்டும் தபாலில் விட மனசில்லை. நீங்கள் சொல்லும் நாளில் நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பழைய ஸ்டுடியோக்காரர்,
குமுளி