'ஜாதிக்காய் - 1' என்று இனி எழுத வேண்டாம்

சமையல் குறிப்பு எழுதுவோருக்கும், அதைத் திருத்தி வெளியிடும் ஆசிரியர்களுக்கும், மசாலாப் பொடி உறைகளில் சேர்மானம் அச்சிடுவோருக்கும்,

வணக்கம். 'பட்டை 2, கிராம்பு 4, ஏலக்காய் 3, ஜாதிக்காய் 1' என்று நீங்கள் எழுதும் வரியைப் பற்றியது இந்த மடல். முதல் மூன்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரிய கேடு இல்லை. நான்காவது அப்படியல்ல. ஓடு நீக்கிய முழு ஜாதிக்காய் ஒன்று சுமார் 4 முதல் 8 கிராம் வரை இருக்கும். பொடித்தால் இரண்டிலிருந்து மூன்று டீஸ்பூன் வரும். நான்கு பேருக்கான ஒரு பாத்திரத்துக்குக் கால் டீஸ்பூனே தாராளம். அதாவது அரை கிராம். '1' என்று நீங்கள் எழுதியதை வாசகர் அப்படியே நம்பினால் தேவையைப்போல் பத்து மடங்கு உள்ளே போகிறது. உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது, துருவலில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்திவிடுவீர்கள். முதன்முறை சமைப்பவருக்கு அந்த வரி மட்டும்தான் கையில் இருக்கிறது.

சுவை கெடுவதோடு இது முடிவதில்லை. ஜாதிக்காயின் வாசனை எண்ணெயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. ஒரே ஆள் 5 கிராம் அளவுக்குப் பொடியை உட்கொண்டாலே குமட்டல், வாய் வறட்சி, படபடப்பு, தலைசுற்றல், மனக்குழப்பம் வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. இதில் சிக்கல் என்னவென்றால் விளைவு உடனே தெரியாது; மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே தலைகாட்டும், ஒரு நாள் தாண்டியும் நீடிக்கலாம். 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொள்பவர் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஆகவே 'நல்ல தூக்கத்துக்குப் பாலில் ஜாதிக்காய்' என்று எழுதுகிறவர்கள் ஒரு தம்ளருக்கு ஒரு சிட்டிகை, அதாவது அரைக்கால் டீஸ்பூனுக்கும் குறைவு என்று அளவை எழுதுங்கள். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியமாக எழுதவே எழுதாதீர்கள். நாய்க்கும் இது ஆகாது என்பதை ஓரத்தில் ஒரு வரியாகப் போட்டாலும் நல்லதே.

அடுத்தது, எந்தப் பகுதி என்பது. பழம் முற்றினால் வெடிக்கும். சதையை நீக்கினால் பளபளப்பான கரும்பழுப்பு ஓடு. அந்த ஓட்டைச் சிவப்பு வலைபோல் பற்றியிருப்பது ஜாதிபத்திரி. ஓட்டுக்குள் இருக்கும் பருப்புதான் நாம் துருவும் ஜாதிக்காய். பத்திரியை 'ஜாதிக்காய்ப் பூ' என்று எழுதுவதை நிறுத்துங்கள். அது பூவுமல்ல, இலையுமல்ல. விதையைச் சுற்றி வளரும் உறை. இரண்டும் ஒரே மரத்தினுடையவை என்பதால் 'ஏதாவது ஒன்று போடலாம்' என்று எழுதிவிடுகிறீர்கள். பொடியாக இருந்தால் ஏறக்குறைய அதே அளவு மாற்றிப் போடலாம், தவறில்லை. முழுசாக இருந்தால் கதை வேறு: பத்திரி இதழைக் கொதிக்கும் திரவத்தில் போட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிடலாம். முழு ஜாதிக்காயைக் கொதிக்க விட்டால் கல்லைக் கொதிக்க விட்ட பலன்தான். வெள்ளையாக இருக்க வேண்டிய பாலிலோ பாகிலோ பத்திரியே பொருந்தும். ஜாதிக்காய்த் துருவல் பழுப்புப் புள்ளி விடும்.

'எல்லாவற்றையும் வாணலியில் வறுத்து அரைக்கவும்' என்ற வரியிலிருந்து ஜாதிக்காயை விலக்கிவிடுங்கள். பருப்பில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது இளகத் தொடங்கும். தோட்டத்திலிருந்து வந்த காயைச் சுடுகாற்றில் உலர்த்தும்போதும் இதே காரணத்தால்தான் சூட்டை அதற்குமேல் ஏற்றுவதில்லை. ஓட்டுக்குள் பருப்பு சுருங்கி, குலுக்கினால் கடகடக்கும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருப்பார்கள். அத்தனை பொறுமையையும் வாணலி இரண்டே நிமிடத்தில் வீணாக்கிவிடும்: வெளிப்புறம் கருகும், உள்ளே சூடு ஏறாது, வாசனை மட்டும் அடுப்படியில் பறக்கும். மிக்சியில் தனியாக அரைத்தாலும் பிளேடின் சூட்டில் கொழுப்பு இளகி ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும். செய்ய வேண்டியது இதுதான்: மற்றதை வறுத்து, முழுக்க ஆறவிட்டு, ஜாதிக்காயை உடைத்தோ துருவியோ மிளகு போன்ற வறண்ட பொருளோடு சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுவது. இனிப்பானால் சர்க்கரையோடு. தனியாகச் சேர்ப்பதானால் இறக்குவதற்குச் சற்று முன் துருவினால் போதும். முழுக் காய் வருடக்கணக்கில் தாங்கும். அரைத்த பொடி சில மாதங்களில் சோர்ந்துவிடும், அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தால் இன்னும் விரைவில்.

காய் தேர்ந்தெடுப்பது பற்றி உங்கள் குறிப்புகளில் அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. கையில் கனமாக இருக்க வேண்டும். ஊசியால் குத்தினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். துளை இருந்தால் வண்டு குடைந்தது. மேலே வெள்ளைப் பூச்சு இருந்தால் பூசணம் என்று உடனே எறிய வேண்டாம், பூச்சி வராமலிருக்கச் சுண்ணாம்பு நீரில் தோய்த்ததாக இருக்கலாம். இரண்டாக வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெட்டுமுகத்தில் பழுப்பு வரிகள் பளிங்குபோல் ஓட வேண்டும். அங்கே சாம்பலோ பச்சையோ படர்ந்திருந்தால் வேண்டாம். பூசணம் விடும் அஃப்லாடாக்சின் நஞ்சு கழுவினால் போகாது, சமையல் சூட்டிலும் முழுக்க அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஜாதிக்காயில் அனுமதிக்கும் அஃப்லாடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10.

உறை அச்சிடுவோருக்கு இங்கே ஒரு வார்த்தை. பூச்சி குடைந்த காயில் மாவும் கொழுப்பும் போயிருக்கும், வாசனை எண்ணெய் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். எண்ணெய் வடிப்பவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள், அது அவர்களுக்குச் சரி. அந்தக் காயோ, எண்ணெய் வடித்தபின் மிஞ்சும் சக்கையோ பொடியில் சேரும்போது 'ஜாதிக்காய்' என்று மட்டும் அச்சிடுவது சரியாகாது. பத்திரியிலும் இதே கதை உண்டு. காட்டு ஜாதிக்காயின் (மிரிஸ்டிகா மலபாரிகா) பத்திரி நீளமாகவும் கருஞ்சிவப்பாகவும் இருக்கும், வாசனை பெயருக்குத்தான். பப்புவாவின் மிரிஸ்டிகா அர்ஜென்டியா நீண்ட காய், வாசனையில் கரடுமுரடு. நாம் பேசிக்கொண்டிருப்பது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய மிரிஸ்டிகா ஃப்ராக்ரன்ஸ். எதைப் போட்டீர்களோ அந்தப் பெயரையே அச்சிடுங்கள்.

மொழிபெயர்த்துக் குறிப்பு வெளியிடுவோர் இன்னும் கவனிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் வரும் 'காலபாஷ் நட்மெக்' சீத்தாப்பழக் குடும்பத்து மரத்தின் விதை. 'கலிஃபோர்னியா நட்மெக்' ஊசியிலை மரம், மசாலாவே அல்ல. ஆங்கில 'மேஸ்' பத்திரிக்கும் பெயர், கதாயுதத்துக்கும் பெயர். எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டுவதும் கால்பந்தில் 'நட்மெக்'தான். இரத்தம் தேங்கி வரிவரியான கல்லீரலையும் மருத்துவர்கள் இந்தக் காயின் பெயரால் சொல்வார்கள். தமிழிலும் ஜாதிமல்லி வேறு செடி, ஜாதிக்காய்ப் பெட்டி வெறும் பலகைப் பெட்டி. மொழிபெயர்க்கும் கணினி இவற்றைப் பிரித்தறியும் என்று விட்டுவிடாமல் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

இனி எழுதும்போது வரி இப்படி இருக்கட்டும்: 'ஜாதிக்காய், ஓடு நீக்கியது, புதிதாகத் துருவியது, கால் டீஸ்பூன் (அரை கிராம்), இறக்குமுன் சேர்க்கவும்.' ஏற்கெனவே வெளிவந்தவற்றில் தூக்கத்துக்கும் குழந்தைகளுக்கும் எழுதிய குறிப்புகளை முதலில் திருத்துங்கள். பொடிக் கலவைக் குறிப்புகளை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மசாலாப் பொருள்களைத் தரம் பிரித்து அரைக்கும் தொழிலில் உள்ளோர்