பசலியும் தவளையும்

அன்புள்ள அம்மாடி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன், கோபத்தில் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்கு அந்தப் பையனைப் பற்றி நாலு கேள்வி கேட்டதற்கு என்னைப் பத்தாம்பசலி என்றாய், கிணற்றுத் தவளை என்றாய். வருவாய்த் துறையில் காலம் தள்ளியவனுக்குப் பசலி வசைச்சொல்லா என்ன? ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை கணக்கு எழுதும் ஆண்டு அது. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. பத்தாம் பசலிக்காரன் எவ்வளவு பழைய ஆள் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். சரி, பழைய ஆள்தான். ஆனால் பழமை வேறு, மனம் குறுகிப்போவது வேறு. உன் பாட்டியைவிடப் பழைய ஆள் உண்டா? அவள் யாரையாவது வாசலோடு அனுப்பியிருக்கிறாளா? பெரியப்பா கையில் எப்போதும் புதுப் போன்தான். அவர் வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதும் உனக்குத் தெரியும். அவரையும் என்னையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது.

அப்புறம் கிணற்றுத் தவளை. 1893 செப்டம்பர் 15 அன்று விவேகானந்தர் சிகாகோவில் சொன்ன கதையைச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். கடல் தவளை கிணற்றில் வந்து விழுகிறது. உள்ளே இருந்தது ஒரு தாவு தாவிக் காட்டி, ‘உன் கடல் இவ்வளவு பெரிதா?’ என்கிறது. அதைவிடப் பெரிது என்றதும், ‘இவன் பொய்யன், விரட்டுங்கள்’ என்கிறது. கிணற்றில் பிறந்தது அதன் குற்றமா? வந்தவனை விரட்டியதுதான் குற்றம். நான் யாரை விரட்டினேன்? என்ன வேலை, எந்த ஊர், பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்டேன். அதற்கே தவளையா? கதையைச் சொன்னவர், தானும் தன் சின்னக் கிணற்றில்தான் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் கிணறுகளுக்குப் போனார். நீ அதை விட்டுவிட்டாய்.

ஒன்று சொல்ல வேண்டும், நன்றாகத்தான் பேசினாய். பேச்சுப் போட்டிக்கு உன்னைத் தயார் செய்தவன் நான். அதே நாக்கு என்மேல் திரும்பும்போது ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. அம்மாவிடம் சொல்லாதே.

என் கவலை எல்லாம் வேறு. ‘தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பாள்’ என உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது உன் அத்தை அதையே சொன்னால் எனக்குப் பகீரென்கிறது. உன் சித்தி மகள் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. பழைய தோழி போன் செய்தாலும் எடுப்பதில்லையாம். எங்களோடு சண்டை என்றால் எங்களோடு மட்டும் வைத்துக்கொள். யார் கருத்தும் ஒத்துவரவில்லை என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் யார் இருப்பார்கள்? அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பாயே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனை எடு. நீயாகச் சொல்லும்வரை அந்தப் பையனைப் பற்றி நான் எதுவும் கேட்கமாட்டேன். பெயரை மட்டும் சொல். அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா