எருவோடு போன ஓடுகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காதுகுத்து, வீடு நிறைய விருந்தாளிகள், அதனால்தான் தாமதம். மூட்டுவலி தேவலையா? டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதேடா.

அந்தக் காலத்தில் எது வயல், எது மேய்ச்சல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வடகிழக்கு சிரியாவை எடுத்துக்கொள். டெல் பிராக், ஹமூக்கர் மாதிரி பெரிய மண்மேடுகள், 4,500 ஆண்டுகளுக்கு முன் ஜனம் நிறைந்திருந்த ஊர்கள். எல்லோரும் மேட்டைத் தோண்டியபோது டோனி வில்கின்சன் என்ற ஆய்வாளர் சுற்றியிருந்த வயல்களில் இறங்கி ஓட்டாஞ்சில்லுகளை எண்ணினார். ஊர்ப்பக்கம் நிறைய, தள்ளிப் போகப் போகக் குறைவு. வீடே இல்லாத இடத்தில் ஓடு ஏது? உனக்கா சொல்ல வேண்டும்! குப்பைக்குழி எருவை வண்டியில் ஏற்றும்போது உடைந்த சட்டியும் சேர்ந்துதானே போகும். அப்படி எருவோடு போன ஓடுதான் என்றார் அவர்.

இன்னொரு தடயம் வானத்திலிருந்து கிடைத்தது. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்களை 1995இல் வெளியிட்டார்கள். (அந்தக் கொரோனா இல்லை!) அவற்றில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் நாலாபக்கமும் கருங்கோடுகள். பயிரில் வாய் வைக்காதபடி ஆடுமாடுகளை ஒரே தடத்தில் ஓட்டி ஓட்டிப் பள்ளமான பாதைகள் அவை. ஈரம் தங்கிப் புல் அடர்ந்ததால் கருப்பாகத் தெரிகின்றன. 3, 5 கிலோமீட்டர் போய்ப் பல கோடுகள் மறைந்துவிடுகின்றன. அங்கே பயிர் முடிந்து மேய்ச்சல் தொடங்கியிருக்க வேண்டும். மந்தை கலைந்துவிட்டால் தடம் விழாதே. பிற்பாடு வந்த டிராக்டரும் வாய்க்காலும் இவற்றில் பலவற்றை அழித்துவிட்டன, அதனால் அந்தப் பழைய படங்களுக்கு இன்னும் மவுசு.

ஆனால் 2017இல் வந்த ஓர் ஆய்வு கொஞ்சம் குழப்பியது. எரு போட்ட பயிரின் தானியத்தில் கனமான நைட்ரஜன் (நைட்ரஜனிலேயே அணு எடை கூடிய வகை) கூடுதலாக இருக்கும். அங்கே கிடைத்த கரிந்த கோதுமை, வாற்கோதுமை மணிகளைச் சோதித்தால், நகரம் பெருகப் பெருக அது குறைந்துகொண்டே போகிறது. எருவைக் கூட்டாமல் நிலத்தை விரித்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. அவ்வளவு பெரிய ஊருக்கு எருவுக்கு எங்கே போவது?

ஒரு சந்தேகம். உங்கள் தூரத்துப் புஞ்சைக்கு அப்பா எரு அடித்தாரா, ஆட்டுக்கிடை போட்டாரா? கிடை போட்டால் சத்து சேரும், ஓடு சேராதே. விவரமாக எழுது.

அன்புடன்,
ராஜு