நாட்டுக்கு ஆடாத மாஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் றக்பி பயிற்றுநர் எடி ஜோன்ஸ் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வாசிகசாலையில் இருந்து இரண்டு தரம் வாசித்தேன். துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் போக மிச்ச இடம் கரப்பந்தாட்டத்துக்கே காணாத ஊரில் றக்பிக்கு அரைப்பக்கம் தந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த அரைப்பக்கமும் 2023இல் தொடங்கி 2023இலேயே முடிந்துவிட்டது. அவர் பயிற்றுவித்த அவுஸ்திரேலியா பிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6 என்று தோற்று, உலகக்கிண்ண வரலாற்றில் முதன்முறையாக முதற்சுற்றோடு வீடு போனது உண்மைதான். அந்த வருடம் அவர் அணி ஆடிய 9 போட்டிகளில் வென்றது 2 மட்டுமே, அதையும் நான் மறைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பந்தியில், தன் நாட்டு அணிக்கு ஒருநாளும் ஆடாதவர் இப்படித்தான் முடிவார் என்ற தொனியில் எழுதியிருந்தீர்களே, அங்கேதான்.

நான் எண்பதுகளில் கண்டியில் வேலை செய்தவன். சனிக்கிழமைகளில் நித்தவெல மைதானத்துக்குப் போய்ப் போய்த்தான், பந்தை ஏன் பின்னுக்கு மட்டும் எறிகிறார்கள் என்பதே விளங்கியது. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் றக்பியை விடாமல் பார்க்கிறேன்.

ஜோன்ஸின் தாயார் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பெண். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், முகம் ஜப்பானிய முகம் என்பதற்காகவே குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். (முகாம் என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை.) மகன் 1960இல் தாஸ்மேனியாவில் பிறந்து சிட்னியில் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கூட ஆடியவர்கள் ‘எல்லா’ (Ella) என்ற குடும்பப் பெயர்கொண்ட சகோதரர்கள் மூவர், பூர்வகுடிப் பெடியன்கள். மூவரும் அவுஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள், அதில் மார்க் எல்லா தலைவராகவே இருந்தார். இவருக்கு மட்டும் அந்த வாய்ப்பு வரவில்லை. இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில், முன்வரிசை நடுவில் நிற்பவர்தான் ஹூக்கர்; அந்த இடத்துக்கு அவருடையது சின்ன உடம்பு. 1989இல் அவுஸ்திரேலிய அணியில் அந்த இடம் காலியானபோது, இவருடைய ரண்ட்விக் கழகத்தின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த பில் கேர்ன்ஸை எடுத்துவிட்டார்கள். தனக்குப் பின்னால் நின்ற பெடியன் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அவர் மாஸ்டர்தான். சிட்னியில் படிப்பித்து, அதிபர் கதிரை வரைக்கும் போய், அதை விட்டுவிட்டு ஜப்பானில் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். 2001இல் அவுஸ்திரேலியாவின் பிரம்பீஸ் அணி, நியூசிலாந்து, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்க அணிகள் மோதும் சூப்பர் 12 கிண்ணத்தை வென்றது இவர் கையில், அதுவரை நியூசிலாந்துக்கு வெளியே போகாத கிண்ணம் அது. 2003 உலகக்கிண்ண இறுதிப்போட்டியில் இவருடைய அவுஸ்திரேலியா மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில்தான் 20-17 என்று இங்கிலாந்திடம் தோற்றது. பிறகு அதே இங்கிலாந்தைப் பொறுப்பெடுத்துத் தொடர்ந்து 17 போட்டிகள் வெல்ல வைத்தார். இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, இவர் பயிற்றுவித்த ஜப்பான் 2015 உலகக்கிண்ணத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆடிய போட்டியை விட்டுவிட்டீர்கள். ஜப்பான் 1995 உலகக்கிண்ணத்தில் நியூசிலாந்திடம் 145-17 என்று அடிவாங்கிய அணி. 2015 வரை அவர்களுடைய ஒரே உலகக்கிண்ண வெற்றி 1991இல் சிம்பாப்வேக்கு எதிராக. உடம்பு சின்னன், என்ன செய்தாலும் சரிவராது என்று அவர்களே நம்பியிருந்தார்கள். ஜோன்ஸ் அந்தச் சின்ன உடம்பையே பிடித்துக்கொண்டார்: பதிந்து போய்க் காலைப் பிடி, மற்றவனை விட அதிகம் ஓடு, பந்தை வேகமாகக் கைமாற்று. பயிற்சி விடிய 5 மணிக்கே தொடங்கும். 2013இல் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தும் திரும்பி வந்தார். 2015 செப்டெம்பர் 19, இரண்டு தரம் உலகக்கிண்ணம் வென்ற தென்னாபிரிக்கா எதிரே, கடைசி நிமிடம், 32-29 என்று தென்னாபிரிக்கா முன்னுக்கு. ஜப்பானுக்கு ஒரு பெனல்டி கிடைக்கிறது. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, சமநிலை. மேலே இருந்து ஜோன்ஸ் உதைக்கத்தான் சொல்லிக் கத்துகிறார், ஆனால் தலைவர் மைக்கல் லீச் கேட்கவில்லை, ஸ்க்ரம் எடுக்கிறார், மூலையில் ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது, ஐந்து புள்ளி), 34-32. மாஸ்டர் சொன்னதை மீறுகிற அளவுக்குப் பெடியன்களை வளர்த்துவிட்ட மாஸ்டர் அவர். எனக்கு அந்தப் போட்டியில் பிடித்ததே அதுதான்.

அவர் நல்ல மனிதர் என்று சொல்ல வரவில்லை. வாய் கூடுதல், உதவிப் பயிற்றுநர்கள் அவரிடம் நிலைப்பதில்லை, 2023இல் அனுபவசாலிகளை வெட்டிவிட்டு இளசுகளை மட்டும் நம்பிப் போனது அவருடைய சொந்தப் பிழை. அதற்குத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். நாட்டுக்கு ஆடாததற்காகத் திட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துக் கழகமொன்றில் கரப்பந்தாட்டப் பெடியன்களைப் பழக்க ஒரு கணக்கு மாஸ்டர் காசு வாங்காமல் வருகிறேன் என்றார். மாவட்ட அணிக்கு ஆடினவரா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார், இல்லை என்றதும் கதை முடிந்தது. ஆடினவர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். இரண்டு ஞாயிறு வந்தார். நெட் இப்போது கோயில் மடத்தில் சுருட்டிக் கிடக்கிறது.

ஒரு வாசகன்,
கொக்குவில்.

பி.கு: கட்டுரைக்கு மேலே ஸ்க்ரம் என்று எழுதிப் போட்டது லைன்அவுட் படம், அதாவது வெளியே போன பந்தை ஓரத்திலிருந்து உள்ளே எறியும்போது எடுத்தது. ஒருவரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்களே, பார்க்கவில்லையா?